வலப்பக்கம் முளைத்து இடப்பக்கம் முளைக்காத முன்பல்: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மேல்தாடையின் நடு வெட்டும் பற்கள் இரண்டும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 7 முதல் 8 வயதுக்குள் சில மாத இடைவெளியில் ஒன்றையடுத்து ஒன்றாக முளைத்துவிடுகின்றன. அவற்றில் ஒன்று வந்து மற்றையது வராமல் நிற்கும்போது, பிள்ளைக்குப் பிள்ளை வயது வித்தியாசப்படும், பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்வது வீட்டாருக்கும் எளிது, வைத்தியருக்கும் எளிது. பல் முளைக்கும் வயது பிள்ளைக்குப் பிள்ளை மாறுபடுவது உண்மைதான். ஆனால் ஒரே பிள்ளையின் ஒரே தாடையில், ஒரே காலத்தில் உருவாகத் தொடங்கிய இரு பற்களுக்கிடையில் பல மாத வித்தியாசம் இருப்பதற்கு வயது காரணமாக முடியாது. கீழே விவரிக்கப்படும் நிகழ்வு அபூர்வமானது அல்ல. பல் முளைப்பில் கோளாறு உண்டா என்று முடிவு செய்வதற்குப் பிறந்தநாட் கணக்கைவிட வலம் இடம் ஒப்பீடும் முளைக்கும் வரிசையும் எவ்வளவு நம்பகமானவை என்பதைத் தெளிவாகக் காட்டுவதாலேயே இதை விரிவாக எழுதுகிறோம். பெற்றோரின் சம்மதத்துடன் எழுதப்படும் இக்குறிப்பில் பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

வரலாறு

நிலாவெளிப் பக்கத்தைச் சேர்ந்த, தரம் 4 இல் கற்கும் 8 வயது 9 மாதச் சிறுவன், பாடசாலைப் பற்சிகிச்சையாளரின் கடிதத்துடன் தாயோடும் அம்மம்மாவோடும் வந்திருந்தான். மேல் இடப்பக்க முன்பல் இல்லை என்பதே முறைப்பாடு. வலியோ வீக்கமோ காய்ச்சலோ இருக்கவில்லை. வலப்பக்க முன்பல் ஏழு வயது கடந்து சில மாதங்களில் முளைத்ததாகத் தாய் கூறினார். அப்போது இடப்பக்கத்துப் பாற்பல் ஆடாமல் அப்படியே இருந்தது. பிறகு வேறோர் இடத்தில் அந்தப் பாற்பல்லைப் பிடுங்கி, இனிப் புதுப்பல் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எக்ஸ்ரே எதுவும் எடுக்கப்படவில்லை. பிடுங்கிய பல்லை வழக்கப்படி அணிலிடம் கேட்டுக் கூரையில் எறிந்துவிட்டு வீட்டார் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். இதற்கிடையில் அடுத்திருந்த பக்க வெட்டும் பல் முளைத்து, வெற்றிடத்தை நோக்கிச் சாயத் தொடங்கிவிட்டது.

இத்தகைய நிலையில் முதலில் விசாரிக்க வேண்டியது சிறுவயதுக் காயத்தைப் பற்றி. நிலையான வெட்டும் பல்லின் முளை, பாற்பல் வேரின் அண்ணப் பக்கத்தில் மிக அருகில் அமைந்திருக்கிறது. தத்தி நடக்கும் வயதில் விழுந்து பாற்பல் மேல்நோக்கி எலும்புக்குள் தள்ளப்பட்டால், அதன் வேர்நுனி உருவாகிக்கொண்டிருக்கும் நிலையான பல்லைத் தாக்கி, அதன் முடிக்கும் (வாயில் வெளியே தெரியும் பகுதி) வேருக்கும் இடையில் வளைவை ஏற்படுத்தக்கூடும். அப்படி வளைந்த பல் பல தடவைகளில் தானாக முளைப்பதில்லை. இரண்டு வயதளவில் சீமெந்துப் படியில் விழுந்து உதடு கிழிந்தது தாய்க்கு நினைவிருந்தது, பல்லுக்கு என்ன ஆனது என்பது நினைவில்லை. ஆகவே வீட்டிலுள்ள பழைய படங்களைக் கொண்டுவரும்படி கேட்டோம்.

அவர்கள் கொண்டுவந்தவற்றில் இரண்டு படங்கள் பெரிதும் உதவின. முதலாவது பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கின்போது எடுக்கப்பட்டது. விரித்த துணியில் பிள்ளையை இருத்தித் தலையில் கொழுக்கட்டை சொரியும் அந்தப் படத்தின் பின்புறம் திகதி எழுதப்பட்டிருந்தபடியால், முதற் பாற்பல் எட்டாம் மாதத்தில் தென்பட்டது என்பது ஐயமின்றித் தெரிந்தது. கீழ் நடுப் பாற்பற்கள் முளைக்கும் வழமையான காலம் 6 முதல் 10 மாதம் என்பதால், முளைப்பைப் பொதுவாகத் தாமதப்படுத்தும் தைரொயிட் சுரப்புக் குறைபாடு போன்ற நோய் சிறுவயதிலேயே இருந்திருக்கும் என்ற எண்ணத்துக்கு இடமில்லை. எமது பகுதி வீடுகளில் முதற்பல்லின் காலத்தை இவ்வளவு துல்லியமாகப் பதிந்து வைத்திருக்கும் ஆவணம் இந்தச் சடங்குப் படமே. முளைப்புக் கோளாறுகளை விசாரிக்கும் எவரும் அதைக் கேட்டுப் பெறலாம். இரண்டாவது, ஐந்தாம் பிறந்தநாட் படம். அதில் சிரிக்கும் பிள்ளையின் மேல் முன் பாற்பற்கள் இரண்டும் ஒரே நீளத்திலும் ஒரே நிறத்திலும் இருந்தன. காயம்பட்ட பாற்பல் பெரும்பாலும் சாம்பல் நிறமாக மாறும், அல்லது மற்றையதைவிடக் குறுகித் தெரியும். அவ்வாறு எதுவும் இல்லாததால் காயம் காரணமாக இருக்கும் வாய்ப்புக் குறைந்தது.

பரிசோதனை

பற்களை இரட்டை இலக்க முறையிலேயே இங்கு குறிப்பிடுகிறோம்: மேல் வலப்பக்க நடு வெட்டும் பல் 11, இடப்பக்கத்தது 21, அதையடுத்த பக்க வெட்டும் பல் 22, பிடுங்கப்பட்ட பாற்பல் 61.

கீழ் வெட்டும் பற்கள் நான்கும், முதலாம் நிலையான கடைவாய்ப் பற்கள் நான்கும், மேலே 11, வலப்பக்கத்துப் பக்க வெட்டும் பல்லான 12, 22 ஆகியனவும் முளைத்திருந்தன. 11 இன் அகலம் 8.8 மில்லிமீற்றர். 11 க்கும் 22 க்கும் இடையில் எஞ்சியிருந்த இடமோ 5.5 மில்லிமீற்றர் மட்டுமே. மேற்பற்களின் நடுக்கோடு இடப்புறம் 2 மில்லிமீற்றர் விலகியிருந்தது. 21 இருக்க வேண்டிய இடத்தில் முரசு வெளிறித் தடித்திருந்தது. உதட்டுப் பக்கத்தில் விரலால் தடவியபோது எலும்பின் மீது எந்த மேடும் தட்டுப்படவில்லை. அண்ணத்தில், 11 இன் பின்புறத்தோடு ஒப்பிடுகையில், இடப்பக்கம் சற்றுப் புடைத்து உறுதியாக இருந்தது. 11 இன் எனாமலில் குழியோ நிறமாற்றமோ காணப்படவில்லை. தோள் எலும்புகளும் மண்டையோட்டு அமைப்பும் இயல்பாக இருந்தபடியால், பல மேலதிகப் பற்களோடும் காறை எலும்புக் குறைபாட்டோடும் வரும் பரம்பரை நோய் விலக்கப்பட்டது. குடும்பத்தில் வேறெவருக்கும் பல் முளைக்காத வரலாறு இல்லை.

முளைப்பு வரிசை இங்கே முக்கியமான சான்றாகிறது. பக்க வெட்டும் பல் 8 முதல் 9 வயதில், நடு வெட்டும் பல்லுக்குப் பின்னரே வர வேண்டியது. அது முந்திக்கொண்டு வந்திருப்பதும், எதிர்ப்பக்க இணைப்பல் முளைத்து ஆறு மாதங்களுக்கு மேலாகிவிட்டதும் தனித்தனியாகவே எக்ஸ்ரே எடுப்பதற்குப் போதுமான காரணங்கள். கீழ் வெட்டும் பற்கள் முளைத்து ஓராண்டாகியும் மேல் நடுப்பற்கள் இரண்டுமே வராதிருந்தாலும் அவ்வாறே செய்ய வேண்டும். இந்தச் சிறுவனிடம் முதல் இரண்டு அறிகுறிகளும் பல மாதங்களுக்கு முன்பே இருந்திருக்கின்றன.

எக்ஸ்ரே

முழுத்தாடைப் படமும் மேற்தாடைக் கடிமட்டப் படமும் எடுக்கப்பட்டன. 21 இருந்தது. அதன் முடி முழுமையாக உருவாகி, 11 இன் வேரின் நடுப்பகுதி உயரத்தில் நின்றது. வேர் நேராக, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்து, நுனி அகலத் திறந்திருந்தது. அந்த முடிக்கும் முரசுக்கும் நடுவே, வழியை மறித்தபடி, பல முனைகள் கொண்ட, வேரற்ற, பீப்பாய் வடிவிலான ஒரு மேலதிகப் பல் கிடந்தது. வலப்பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. இந்த வகை மேலதிகப் பற்கள் அடிக்கடி இரட்டையாக வருவதால், ஒன்றைக் கண்டதும் திருப்தியடையாமல் மறுபக்கத்தையும் தேடுவது அவசியம்.

அது உதட்டுப் பக்கத்தில் உள்ளதா அண்ணப் பக்கத்தில் உள்ளதா என்பதை இரு படங்களையும் ஒப்பிட்டு அறிந்தோம். முழுத்தாடைப் படத்தில் கதிர்க்குழாய் ஏறத்தாழக் கிடையாக நிற்கிறது, கடிமட்டப் படத்தில் மேலிருந்து செங்குத்தை அண்மித்த கோணத்தில் கீழ்நோக்குகிறது. குழாய் மேலே நகர்ந்தபோது, 11 இன் வேரோடு ஒப்பிடுகையில் மேலதிகப் பல்லின் நிழலும் மேலே நகர்ந்திருந்தது. குழாயோடு ஒரே திசையில் நகரும் பொருள் அண்ணப் பக்கத்திலும், எதிர்த்திசையில் நகர்வது உதட்டுப் பக்கத்திலும் இருக்கும். அண்ணத்தில் விரலுக்குத் தட்டுப்பட்ட புடைப்போடு இது பொருந்தியது. இரு படங்களே கேள்விக்கு விடை தந்துவிட்டபடியால், கூடுதல் கதிர்வீச்சுத் தரும் முப்பரிமாணப் படம் எடுக்கப்படவில்லை.

பல் எவ்வாறு வெளியே வருகிறது

இந்த நிகழ்வில் பல் ஏன் நின்றது, தடையை நீக்கினால் ஏன் மீண்டும் நகரும் என்று எதிர்பார்த்தோம் என்பவற்றை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

கருவின் ஆறாம் வாரமளவில், வருங்கால வாயின் மேற்பரப்புப் படலம் தாடை வளைவு நெடுகத் தடித்து உள்ளிறங்கிப் பற்பட்டையாகிறது. அதிலிருந்து 20 பாற்பற்களின் முளைகள் கிளைக்கின்றன. மொட்டு, தொப்பி, மணி என்னும் நிலைகளினூடாக ஒவ்வொரு முளையும் வடிவம் பெறுகிறது. பாற்பல்லுக்குப் பின்னால் வரும் நிலையான பல்லின் முளை, அதே பட்டையின் நாக்குப் பக்க நீட்சியிலிருந்து தோன்றுகிறது. நடு வெட்டும் பல்லுக்கு இது கருப்பையிலேயே, ஐந்தாம் மாதமளவில் நிகழ்ந்துவிடுகிறது. பிறந்து மூன்று நான்கு மாதங்களில் அதன் வெட்டு விளிம்பில் கனிமம் படியத் தொடங்குகிறது. அந்தச் சடங்குப் படத்தில் எட்டு மாதப் பிள்ளையின் முதற் பாற்பல்லை வீட்டார் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, இப்போது தேடப்படும் 21 இன் விளிம்பு எலும்புக்குள் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தது. நான்கு ஐந்து வயதில் முடி முழுமையடைகிறது. அதன் பிறகே வேர் வளரத் தொடங்கி, ஏறத்தாழ 10 வயதில் நிறைவடைகிறது. 1960 இல் நொல்லா வகுத்த பத்துப் படிகளில், முடி முழுமையடைவது ஆறாம் படி, வேரின் மூன்றில் இரண்டு பங்கு வளர்வது எட்டாம் படி. முளைப்பு நகர்வு ஆறாம் படியளவில் தொடங்குகிறது, எட்டாம் படியளவில் பல் எலும்பின் விளிம்பைத் தாண்டுகிறது. எமது நோயாளியின் 21 எட்டாம் படியை எட்டியிருந்தும் எலும்புக்குள் ஆழத்தில் நின்றது. பல்லின் வளர்ச்சி பின்தங்கவில்லை, நகர்வு மட்டுமே தடைப்பட்டிருக்கிறது என்று இதிலிருந்து முடிவு செய்தோம்.

வேர் நீள்வதால்தான் பல் மேலே தள்ளப்படுகிறது என்று இன்னும் பலர் எண்ணுகிறார்கள். வேர் உருவாகாத பற்கள்கூட முளைப்பதுண்டு என்பதால் அந்த விளக்கம் நிறைவானதல்ல. எலும்புக்குள் நடக்கும் நகர்வுக்கு, முளையைச் சூழ்ந்திருக்கும் பற்பையே இன்றியமையாதது. கெஹில், மார்க்ஸ் ஆகிய இருவரும் நாய்களின் முன்கடைவாய்ப் பற்களில் செய்த, 1980 இல் வெளியான பரிசோதனையில், பற்பை அகற்றப்பட்டபோது பல் முளைக்கவில்லை. 1984 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது: பற்பையை அப்படியே விட்டுப் பல்லை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் உலோக மாதிரி ஒன்றை வைத்தபோது அந்த உயிரற்ற பொருளும் முளைத்து வந்தது. பையின் மேற்பகுதி எலும்பைக் கரைக்கும் கலங்களை வரவழைத்து வழி திறக்கிறது, அடிப்பகுதி புதிய எலும்பு படிவதற்குத் துணை நிற்கிறது. நிலையான முன்பற்களுக்கு அந்த வழியின் தொடக்கம் ஏற்கெனவே உண்டு. பற்பட்டையின் எச்சங்களைக் கொண்ட ஒரு நுண்ணிய கால்வாய் பையிலிருந்து பாற்பல்லின் அண்ணப் பக்கத்து முரசுவரை செல்கிறது.

மேலதிகப் பல் அந்த வழியிலேயே உருவானது. பற்பட்டை தேவைக்கு மேல் செயற்பட்டு மேலதிக முளையைத் தோற்றுவிக்கிறது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். நிலையான பற்களிடையே இது 100 பேரில் ஒருவர் முதல் மூவர் வரை காணப்படுகிறது, ஆண்களில் ஏறத்தாழ இருமடங்கு. கூம்பு வடிவ மேலதிகப் பல் முன்கூட்டியே உருவாகிச் சில தடவைகளில் தானே முளைத்துவிடும், அருகிலுள்ள பல்லைச் சற்று விலக்கும் அல்லது திருப்பும். பல முனைகள் கொண்ட பீப்பாய் வகை பின்னர் உருவாகிறது, வேர் பெரும்பாலும் வளர்வதில்லை, தானே முளைப்பதும் அரிது, நடு வெட்டும் பல்லை எலும்புக்குள் தடுத்து நிறுத்துவதில் முதன்மையானதும் அதுவே. 61 உரிய காலத்தில் ஆடாததற்கும் காரணம் இங்கேயே உள்ளது: கீழிறங்கி வரும் பல் இல்லாததால் பாற்பல்லின் வேர் வழமைபோல் கரையவில்லை. ஆடாத பாற்பல்லைப் புதுப்பல் வராமைக்குக் காரணம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது தடையின் விளைவாகவே இருந்தது. எக்ஸ்ரே இன்றி அதைப் பிடுங்கியதால் தடை நீங்கவில்லை, இடத்தைக் காத்துநின்ற பல்தான் போயிற்று.

சிகிச்சை

இடம் முதலில் திறக்கப்பட்டது. வில்கள் கொண்ட, கழற்றி மாட்டும் தட்டொன்றின் மூலம் நான்கு மாதங்களில் 11 க்கும் 22 க்கும் இடையில் 9 மில்லிமீற்றர் கிடைத்தது. வில்களின் வேலை முடிந்ததும் தட்டில் ஒரு செயற்கைப் பல் சேர்க்கப்பட்டது. இடத்தைக் காப்பதற்கு மட்டுமன்றிப் பிள்ளையின் பொருட்டும் இது தேவைப்பட்டது. வகுப்பில் அவன் வாயைக் கையால் மூடிப் பேசுவதாக ஆசிரியை தாயிடம் சொல்லியிருந்தார். ஒருமுறை கடலில் குளிக்கும்போது தட்டைத் தொலைத்துவிட்டான். புதியது தயாராவதற்குள், சில வாரங்களிலேயே, 1 மில்லிமீற்றர் இடம் மீண்டும் மூடிக்கொண்டது. இந்த வயதில் பற்கள் எவ்வளவு விரைவாக வெற்றிடத்துக்குள் நகர்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பின்னர் பொது மயக்கத்தில் சத்திர சிகிச்சை நடந்தது. அண்ணப் பக்க முரசு பற்களின் கழுத்தோரமாக விலக்கப்பட்டு, மெல்லிய எலும்புப் படலம் நீக்கப்பட்டதும் மேலதிகப் பல் தென்பட்டது. ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் நீளமுள்ள அது நான்கு முனைகளோடு, உள்ளே ஆழக் குழிந்து, வேரின் அடையாளமே இன்றி முழுதாக வெளிவந்தது. அதன் பின்னால் 21 இன் பற்பை பளபளப்பான வெளிர்நீலப் படலமாகத் தெரிந்தது. அதைத் தொடவில்லை.

தொடாமல் விடும் முடிவு எளிதாக எடுக்கப்பட்டதல்ல. அதே வேளையில் பல்லை வெளிப்படுத்தி, முடியில் ஒரு பிடியை ஒட்டிப் பின்னர் பல்லை இழுப்பதற்கான சங்கிலி இணைத்துவிட்டால், தானாக முளைக்காத பட்சத்தில் இரண்டாம் முறை மயக்கம் கொடுக்கத் தேவையிராது. தொலைவிலிருந்து வரும் குடும்பத்துக்கு அது பெரிய அனுகூலம். மறுபுறம், வேர்நுனி திறந்திருந்தது, பல்லின் அச்சு நேராக இருந்தது, இடம் ஆயத்தமாக இருந்தது. பல்லை வெளிப்படுத்துவதென்றால் பற்பையைக் கிழிக்க வேண்டும், முளைப்புக்கு வழி திறக்கும் உறுப்பே அதுதான். வேர் வளர்ச்சி முடிந்துவிட்ட பிள்ளையாக இருந்திருந்தால் சங்கிலியையே தேர்ந்திருப்போம். இரு வழிகளையும் பெற்றோரிடம் விளக்கியபோது, "இந்தப் பல்லு தானா வருமோ, டொக்டர்?" என்று தாய் கேட்டார். வருவதற்கான வாய்ப்பே அதிகம், ஓராண்டுவரை பொறுக்க வேண்டியிருக்கலாம், வராவிட்டால் மீண்டும் சத்திர சிகிச்சை தேவைப்படும் என்று சொன்னோம். அவர்கள் சம்மதித்தார்கள். இந்தக் காத்திருப்பு முன்னைய காத்திருப்பைப் போன்றதல்ல. தடை எது என்று தெரிந்து, அது நீக்கப்பட்டு, எவ்வளவு காலம் என்ற எல்லையும் குறிக்கப்பட்டிருந்தது.

தட்டையே அண்ணக் காயத்தின் மேல் மூடியாக அணிவித்ததால் இரத்தம் தேங்கவில்லை. முன் அண்ணத்தில் சில வாரங்கள் மரத்துப்போன உணர்வு இருந்து மறைந்தது.

தொடர் கண்காணிப்பு

மூன்றாம் மாதத்தில் வெளியே மாற்றம் தெரியவில்லை. ஆறாம் மாதத்து எக்ஸ்ரேயில் 21 ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் கீழிறங்கி, உதட்டுப் பக்கத்தில் மேடாகத் தட்டுப்பட்டது. பதினோராம் மாதத்தில், பிள்ளைக்குப் பத்து வயதானபோது, அதன் விளிம்பு முரசைக் கடந்தது. புதிதாக முளைத்த வெட்டும் பல்லுக்கே உரிய மூன்று சிறு மேடுகள் அந்த விளிம்பில் கூர்மையாக இருந்தன. மூன்று ஆண்டுகளாகக் கடித்துப் பழகிய 11 இல் அவை பாதி தேய்ந்துவிட்டிருந்தன. செயற்கைப் பல் தட்டிலிருந்து வெட்டி நீக்கப்பட்டது. பதினைந்தாம் மாதத்தில் 21 கடிமட்டத்தை அண்மித்திருந்தது, பல் உயிரோடிருக்கிறதா என்று அறியும் குளிர்ச் சோதனைக்கு 11 ஐப் போலவே பதிலளித்தது. முரசு விளிம்பு 11 இனதைவிட 1 மில்லிமீற்றர் உயரத்தில் உள்ளது. பல் சற்றுத் திரும்பியும் நிற்கிறது, ஆனால் நிலையான கம்பி பொருத்துமளவுக்கு அது பெரிதல்ல என்பது எமது மதிப்பீடு.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1 இலும் தரம் 4 இலும் நடக்கிறது. நடு வெட்டும் பற்கள் முளைக்கும் காலம் சரியாக இவ்விரண்டுக்கும் இடையில் விழுகிறது. ஆகவே இடையிலுள்ள ஆண்டுகளில் முதலில் கவனிக்கக்கூடியவர்கள் பெற்றோரும் வகுப்பாசிரியர்களுமே. அவர்களுக்கு வயது அட்டவணை எதுவும் தேவையில்லை. ஒரு பக்கம் முன்பல் வந்து ஆறு மாதமாகியும் மறுபக்கம் வராவிட்டால், அல்லது நடுப்பல்லுக்கு முன் பக்கத்துப் பல் வந்துவிட்டால், பல் வைத்தியரிடம் காட்டி எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். இந்தப் பிள்ளைக்கு அது எட்டு வயதளவில் நடந்திருந்தால், இடம் திறப்பதற்கான நான்கு மாதங்களும் முதற் தட்டும் தேவைப்பட்டிருக்க மாட்டா.

இப்போது எமது கவனம் மேல் வேட்டைப் பற்களில் உள்ளது. அவை 11 முதல் 12 வயதில் முளைப்பவை, பத்து வயதுக்குப் பின் பாற்பல்லுக்கு மேலே உதட்டுப் பக்கத்தில் மேடாகத் தட்டுப்பட வேண்டும். வலப்பக்கத்தில் அந்த மேடு தட்டுப்படுகிறது. ஓராண்டுக்கு மேல் சாய்ந்திருந்து மீண்டும் நகர்த்தப்பட்ட 22 இன் பக்கத்தில் இன்னும் தட்டுப்படவில்லை, அங்குள்ள பாற்பல்லும் ஆடவில்லை. அடுத்த வருகையிலும் இரு பக்கமும் ஒத்திராவிட்டால் எக்ஸ்ரே எடுப்பதென்றும், வேட்டைப்பல் அண்ணப் பக்கம் விலகியிருந்தால் அந்தப் பாற்பல்லைப் பிடுங்குவதா என்பதை அப்போது படத்தைப் பார்த்தே முடிவு செய்வதென்றும் தீர்மானித்துள்ளோம்.